காட்டுத் தடம் – 6: தை பிறந்தால் தடம் திறக்கும்

பல நாள் காட்டு நடைக்கு எந்த மாதம் நல்லது என்று பொதுவாகப் பேசினால் ஒருவருக்கும் உதவாது. ஒரே ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். அகத்தியர்கூடம், பொதிகையின் உச்சி, 1,868 மீட்டர். கேரளத்தின் போனக்காட்டில் கிளம்பி, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்குப் போய்வந்து, மூன்றாம் நாள் வெளியேறும் நடை. தமிழகப் பக்கத்துப் பாதைக்கு அனுமதி இல்லை. பொதிகையை வீட்டு மாடியிலிருந்தே பார்க்கிற அம்பாசமுத்திரத்துக்காரரும் திருவனந்தபுரம் சுற்றித்தான் ஏற வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வட பகுதியில், அதாவது மகாராஷ்டிரத்தில், பருவமழை ஓய்ந்தால் ஏழெட்டு மாதம் வானம் வெறிச்சென்று கிடக்கும். தெற்கே வர வர அந்த வறண்ட காலம் சுருங்குகிறது. பொதிகையில் அது இரண்டு மூன்று மாதம்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடுகிறது. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதும் இதனால்தான். ஆகவே புனே நண்பர் "அக்டோபர் வந்தாச்சு, சீசன் ஆரம்பம்" என்று சொன்னால், அது அவர் ஊர்க் கோட்டைகளுக்கு மட்டும் பொருந்தும்.

பலரும் தவறுவது டிசம்பரில். அரையாண்டு விடுமுறை, இதமான குளிர் என்று கணக்குப் போடுகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்து ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்டது. 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. இப்படிப்பட்ட மழை பெய்யும்போது காட்டுக்குள் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து ஓடைகள்தான். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது. மேலே பெய்த மழை, காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடையை மாலையில் இடுப்பளவு ஆக்கியிருக்கும். திரும்பும் வழி அங்கேயே அடைபடும். அட்டை இதற்கு முன்னால் ஒரு பொருட்டே அல்ல. உப்போ புகையிலைத் தூளோ இருந்தால் அதைச் சமாளித்துவிடலாம்.

அப்படியானால் நன்றாகக் காயட்டும், மார்ச்சில் போகலாமா? அதற்கும் பதில் கூடாது என்பதுதான். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் பலி. உலர்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது. கீழே எரிகிற தீயின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், தீ ஏற ஏற இன்னும் வேகம் பிடிக்கும். பொதிகையின் பசுமைமாறாக் காடு எளிதில் பற்றாதுதான். ஆனால் பாதை முழுக்க அந்தக் காடு இல்லை. வெட்டவெளியான புல்வெளிகளும் குறுக்கிடுகின்றன. தண்ணீர் குறையும்போது யானைகளும் மீதமுள்ள ஓடைகளைத் தேடி வரும். நாமும் இளைப்பாற உட்காருவது அதே ஓடைக் கரையில்தான். தமிழக வனத்துறை பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றத்தை நிறுத்திவைப்பதைச் சிலர் கெடுபிடி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏப்ரல், மே கோடை மழையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பிற்பகல் இடி இடிக்கும் நேரத்தில், கயிற்றைப் பிடித்து மொட்டைப் பாறையில் ஏறிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல.

எஞ்சுவது தையும் மாசியின் தொடக்கமும்தான். கேரள வனத்துறையும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஜனவரி நடுவில் பாதையைத் திறக்கிறது. அதற்குள்ளும் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஜனவரி கடைசி வாரமோ பிப்ரவரி முதல் வாரமோ என் தேர்வு. ஓடையில் நீர் இருக்கும், பாறை காய்ந்திருக்கும், மழை கழுவிவிட்ட காற்றில் தொலைவு துலக்கமாகத் தெரியும். பிப்ரவரி கடைசியில் போனால் புழுதியும் மங்கலுமாக இருக்கும். உச்சியிலிருந்து பார்க்க அதிகம் எதுவும் கிடைக்காது. பொங்கலை ஒட்டிய முதல் நாட்களும் வேண்டாம். 2021-இல் பொங்கல் சமயத்திலேயே தாமிரபரணியில் வெள்ளம் வந்தது.

தேர்வெல்லாம் சரி, இடம் கிடைக்க வேண்டுமே! ஆன்லைன் பதிவு தொடங்கிய சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதனால் கிடைத்த தேதியை எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை. வார நாட்களுக்கு முயன்றால் வாய்ப்பு சற்று அதிகம். தேதி கையில் வந்த பிறகு, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். இலங்கைக்குத் தெற்கே, குமரிக் கடல் பக்கம் தாழ்வுநிலை உருவாகிறது என்று வந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும்; அந்தத் தேதியை விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: மூன்று நாளைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர்?