சைவ என்சிலாடா: சத்து சோளத்தில், சங்கடம் சீஸில்

மெக்சிகோ உணவு என்று நம் ஊர் உணவகங்களில் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மைதா ரொட்டிக்குள் காய்கறியைத் திணித்து, மேலே சீஸைத் தாராளமாகத் தூவி, ஓவனில் உருக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை என்சிலாடா என்று சாப்பிட்டுவிட்டு, "ருசியாக இருக்கிறது, ஆனால் உடம்புக்கு ஆகாது" என்று பலரும் சொல்வார்கள். அந்தத் தட்டைப் பற்றிய தீர்ப்பு சரிதான். என்சிலாடாவைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

மெக்சிகோவின் வீடுகளில் செய்யப்படும் என்சிலாடா எளிய பண்டம். மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டியாவை மிளகாய்ச் சாறில் முக்கி, உள்ளே ஏதாவது வைத்துச் சுருட்டி, வெங்காயமும் கொஞ்சம் உதிர்த்த பாலாடைக்கட்டியும் தூவிச் சூடாகச் சாப்பிடுவார்கள். பல ஊர்களில் ஓவனுக்கே வேலை கிடையாது. வெள்ளிச் சுரங்க நகரமான குவானஹுவாத்தோவில் மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும் சேரும். சான் லூயிஸ் பொத்தோசியில் மிளகாயை மாவிலேயே பிசைந்துவிடுவார்கள். மிளகாய்ச் சாறுக்குப் பதிலாக மசித்த பீன்ஸில் முக்கினால் அது என்ஃப்ரிஹோலாடா. இதில் எதையும் இறைச்சி இல்லாமல் செய்துகொள்ளலாம்.

சுண்ணாம்பு செய்யும் வேலை

இந்த உணவின் சத்தை முடிவு செய்வது உள்ளே வைக்கும் காய்கறி என்று நினைப்போம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது மாவு. மெக்சிகோக்காரர்கள் உலர்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அரைக்கிறார்கள். 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த முறையில் பக்குவப்பட்ட சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். அரைக்கும் கல்லும் நம் அம்மிக்கு உறவுக்காரன்தான்: கால் வைத்த சாய்வான கருங்கல்லும் கையில் ஒரு குழவியும்.

மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி3 வைட்டமின் இருக்கிறது. ஆனால் வேறு பொருட்களோடு பிணைந்திருப்பதால் நம் குடலால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சுண்ணாம்பு நீர் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது. கூடவே கால்சியமும் ஏறுகிறது. 100 கிராம் உலர் மக்காச்சோளத்தில் 10 மில்லிகிராம்கூட இல்லாத கால்சியம், அதே எடை டோர்ட்டியாவில் 80 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடுகிறது.

இந்த அறிவை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் எடுத்துப் போனவர்கள் பட்ட பாடு மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்புப் பக்குவம் போகவில்லை. மக்காச்சோளமே முழு உணவு என்று ஆகிப்போன ஏழைகளுக்கு வெயில் படும் இடமெல்லாம் தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு கண்டு, கடைசியில் புத்தி பேதலித்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 1735-ல் இதை முதலில் விவரித்தவர் கஸ்பார் கசால் என்ற மருத்துவர். கழுத்தைச் சுற்றி வரும் புண்பட்டைக்கு இன்றும் 'கசால் கழுத்தணி' என்றே பெயர். நோயின் பெயர் பெலாக்ரா.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது பரவியபோது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். உணவுக் குறைதான் காரணம் என்று வாதாடியவர் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர். 1915-ல் மிசிசிப்பி சிறைப் பண்ணை ஒன்றில், தாமாக முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளத்தை மையமாகக் கொண்ட உணவை மாதக்கணக்கில் கொடுத்து நோயை வரவழைத்தே காட்டினார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. காரணம் நியாசின் குறைபாடு என்று தெளிவானது 1937-ல், கான்ராட் எல்வேஜெமின் ஆய்வால். நம் பக்கத்திலும் இந்த நோய் இருந்தது. தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களிடம் பெலாக்ராவை ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் டாக்டர் சி. கோபாலன்.

பருப்பு, பால், காய்கறி என்று கலந்து சாப்பிடும் இன்றைய வாசகருக்கு பெலாக்ரா வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. எந்த மாவை வாங்குவது என்று கடையில் நிற்கும்போது இந்தக் கதை உதவும்.

எந்த மாவு?

வெள்ளை வெளேரென்று கிடைக்கும் கார்ன்ஃப்ளார் வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கத்தான் ஆகும். வட இந்தியரின் மக்கி ஆட்டா முழு மாவுதான் என்றாலும் சுண்ணாம்பில் பக்குவப்படாதது. தட்டினால் ஓரம் வெடிக்கும், சுருட்டினால் முறியும். தேவையானது சுண்ணாம்பில் பக்குவப்பட்ட, 'மாசா ஹரீனா' என்று குறிப்பிட்ட மாவு. இணையக் கடைகளில் கிடைக்கிறது, விலை கூடுதல்தான்.

2 கப் மாவுக்கு ஒன்றரை கப் வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி மூடி 20 நிமிடம் வையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, தட்டையான அடியுள்ள பாத்திரத்தால் அழுத்தினால் வட்டமாக வரும். ஓரம் வெடித்தால் மாவில் நீர் போதவில்லை. தாளில் ஒட்டினால் நீர் அதிகம். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் அரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் லேசாக உப்பும். சுட்டதைத் துணியில் சுற்றி அடுக்குங்கள். அந்த ஆவியில்தான் சுருட்டும் பதம் வரும். இந்த அளவுக்கு 16 சிறிய டோர்ட்டியா கிடைக்கும்.

தானியத்திலிருந்தே தொடங்க ஆசைப்படுகிறவர்கள் அரை கிலோ உலர் மக்காச்சோளத்துக்கு 5 கிராம் சுண்ணாம்பு என்ற கணக்கில் எடுக்கலாம். உணவுத் தரச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் வாசனை சேர்த்ததும் கூடாது. அலுமினியப் பாத்திரம் சுண்ணாம்போடு வினைபுரியும் என்பதால் எவர்சில்வரே நல்லது. இளம் சிவப்புச் சாயம் பூசிய விதைச் சோளத்தைத் தொடவே வேண்டாம், அது பூஞ்சைக்கொல்லி தடவியது. கோழித்தீவனத்துக்கு என்று விற்பதும் பூசணம் பிடித்ததும் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழியே பாதிக்கப்படலாம், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். தெறித்துவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மாசா கிடைக்கவில்லையா? கோதுமைச் சப்பாத்தியில் சுருட்டிக்கொள்ளுங்கள். மெக்சிகோக்காரர் அதை என்சிலாடா என்று ஒப்புக்கொள்ள மாட்டார். மைதாவுக்கு அது எவ்வளவோ மேல்.

உள்ளே வைக்கும் பீன்ஸ்

மக்காச்சோளப் புரதத்தில் லைசின் குறைவு. பீன்ஸில் அது உண்டு. பீன்ஸில் குறைவான மெத்தியோனின் மக்காச்சோளத்தில் இருக்கிறது. சைவர்களுக்கு இந்த ஜோடி போதுமான புரதத்தைத் தரும். வெந்த கறுப்பு பீன்ஸ் 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், அதே அளவு நார்ச்சத்து. கறுப்பு பீன்ஸ் கிடைக்காவிட்டால் ராஜ்மா.

ராஜ்மாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அரைவேக்காட்டில் சில பருப்புகளைத் தின்றாலே ஓரிரு மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். கொதிநிலைக்குப் போகாத மெல்லிய சூட்டில் வேகவைக்கும் ஸ்லோ குக்கர் இதற்கு ஆகாது. இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் விரலால் நசுங்கும் பதம் வரை வேகவிட்டால் கவலை இல்லை. டின் பீன்ஸ் வாங்கினால் வடிகட்டி நன்றாக அலசுங்கள். உப்பில் கணிசமான பங்கு அந்த நீரோடு போய்விடும்.

வெந்ததை வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு வதக்கி அரைகுறையாக மசித்தால் பூரணம் தயார். காளான், கீரை, பூசணி எதையும் சேர்க்கலாம். உருளைக்கிழங்கை மட்டும் சர்க்கரை நோயாளிகள் அளவோடு வைக்கட்டும், வெளியே இருப்பதும் மாவுச்சத்துதானே.

மிளகாய்ச் சாறு

மெக்சிகோவில் இதற்குப் போடும் குவாஹியோ, ஆஞ்சோ மிளகாய்களில் நிறம் அதிகம், காரம் குறைவு. நம் குண்டு மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டால் தட்டை யாரும் நெருங்க முடியாது. காஷ்மீரி அல்லது பேடகி மிளகாய் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

நான்கு பேருக்கு 10 மிளகாய். காம்பையும் விதையையும் நீக்கி, சூடான கல்லில் சில விநாடிகள் புரட்டுங்கள். வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும், கருகினால் சாறு முழுவதும் கசக்கும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, சுட்ட தக்காளி மூன்று, பூண்டு நான்கு பல், அரை வெங்காயம், சிட்டிகை சீரகம், ஆரிகனோவோடு மைய அரைத்து வடிகட்டி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அரை தேக்கரண்டி உப்பு தாராளம்.

டோர்ட்டியாவை எண்ணெயில் பொரித்த பிறகு சாறில் முக்குவது பழைய வழக்கம். பொரித்தால் சாறில் ஊறிக் குழையாது. பொரிக்காமல், கல்லில் துளி எண்ணெய் தடவி இரு பக்கமும் சூடாக்கினாலே போதும்; சாறில் ஒரு முறை முக்கி, தாமதிக்காமல் சுருட்டித் தட்டில் வைத்து உடனே சாப்பிட வேண்டும். மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். தக்காளி, எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, பீன்ஸின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவும்.

சீஸ், உப்பு, கணக்கு

மூன்று என்சிலாடா, 100 கிராம் பீன்ஸ், சாறு, மேலே 20 கிராம் பனீர் உதிர்த்தது என்று நான் போட்ட கணக்கில் ஒரு தட்டு சுமார் 400 கலோரி, புரதம் 17 கிராம், நார்ச்சத்து 13 கிராம். மெக்சிகோவின் கெசோ ஃப்ரெஸ்கோவைப் போலவே பனீரும் உருகாமல் உதிரும், அதனால் பொருந்திவிடுகிறது.

இப்போது உணவகத் தட்டு. பாக்கெட்டில் வரும் எட்டு அங்குல மைதா டோர்ட்டியா ஒன்றில் 140 கலோரியும் 350 மில்லிகிராமுக்குக் குறையாத சோடியமும் இருப்பது சாதாரணம். மூன்று சாப்பிட்டால், சீஸும் டின் சாஸும் சேர்வதற்கு முன்பே, உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 2,000 மில்லிகிராம் சோடியத்தில் பாதி முடிந்துவிடும். சிறு மக்காச்சோள டோர்ட்டியாவில் சோடியம் 10 மில்லிகிராம் அளவுதான். இரண்டு கைப்பிடி செடார் சீஸில் இன்னும் 240 கலோரியும் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் ஏறும்.

"இவ்வளவு நல்ல உணவு என்றால் மெக்சிகோவில் ஏன் இத்தனை பருமன்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே 2018 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 36 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். அந்த நாட்டு அரசு விரல் நீட்டிய பக்கத்தைப் பாருங்கள்: 2014-ல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி, 2020 அக்டோபரில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட் உணவுகள் மீது கறுப்பு எண்கோண எச்சரிக்கை. வீட்டு டோர்ட்டியாவோடு குடிக்கும் கோலாவைத்தான் அவர்கள் முதலில் பிடித்தார்கள்.

யாருக்குக் கவனம் தேவை?

கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு மக்காச்சோள டோர்ட்டியா பாதுகாப்பானது. ஆனால் அமெரிக்க முறைச் சாஸில் மைதா கரைத்துக் கெட்டியாக்குவார்கள். கேட்காமல் சாப்பிடக் கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இதை மதியத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கு பீன்ஸிலும் தக்காளியிலும் உள்ள பொட்டாசியம் பிரச்சினையாகலாம், மருத்துவர் சொன்ன அளவே அளவு. பாலும் தவிர்க்கும் முழுச் சைவர்களுக்கு இந்தத் தட்டில் பி12 கிடையாது. அதற்கு வேறு வழி பார்த்தாக வேண்டும்.

வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், மெக்சிகோ உணவகத்துக்குப் போகும் சைவர்களுக்கு: பட்டியலில் பீன்ஸ் என்று போட்டிருப்பதை நம்பி ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும், சாறிலும் சோற்றிலும் கோழி வேகவைத்த நீரைச் சேர்ப்பதும் அங்கே வழக்கம். சில சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் இருக்கும். பன்றிக் கொழுப்புக்கு அவர்கள் மொழியில் 'மன்தேக்கா'. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.