காலடி மண்ணைக் கற்கும் கல்வி

உயிரியல் பயிலும் பிள்ளை வைத்தியராக வேண்டும். கணிதம் பயிலும் பிள்ளை எஞ்சினியராக வேண்டும். நம் வீடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம் இது. இவ்விரண்டில் ஒன்று கைகூடாவிட்டால், பரீட்சையில் நன்கு சித்தியடைந்த பிள்ளையுங்கூடத் தோல்வியுற்றதுபோல் முகம் வாடி நிற்பதைக் காண்கின்றோம். ஆனால், அதே பாடங்களைக் கொண்டு புகத்தக்க வேறொரு துறை, கண்டி நகரிலிருந்து நாலு மைல் தொலைவிலேயே உளது. பேராதனைப் பல்கலைக் கழகத்திற் பயிற்றப்படும் புவிச்சரிதவியலே அது. மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பெரிதும் வேண்டிய கல்வி என்பது நமது துணிபு.

கலைஞரான புவிச்சரிதவியலாளர்

கீழைக் கலைகளின் பெருமையை மேல்நாட்டார்க்கு உணர்த்திய ஆனந்த குமாரசுவாமி, தொடக்கத்தில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதை நம்மிற் பலர் அறியார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றுத் தேறினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றினார். இந்நாட்டுப் பாறைகளையுங் கனிப்பொருள்களையும் ஆராய்ந்தமைக்காக இலண்டன் பல்கலைக் கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. கல்லைத் தேடிக் கிராமங்கள்தோறும் சென்றபோதுதான், கண்டி நாட்டுக் கைவினைஞரின் அருமையும் அவர் கண்ணிற் பட்டது. இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது.

இக்கல்விக்காக அவர் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று அத்தேவை இல்லை. 1942இல் கொழும்பிற் தோன்றிய இலங்கைப் பல்கலைக் கழகம் 1952இல் பேராதனைக்குக் குடிபுகுந்தது. மகாவலியின் கரையில், அந்தானை மலையின் அடிவாரத்தில் அமைந்த அவ்வளாகத்தின் விஞ்ஞான பீடத்தில், புவிச்சரிதவியலுக்கெனத் தனித் துறையே இயங்கி வருகின்றது.

வேண்டிய தகுதி யாது?

பெற்றோர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பாடங்களுள் புவிச்சரிதவியல் என்றொரு பாடம் இல்லை. ஆகவே, பள்ளிக்கூடத்தில் இதனைக் கற்கவில்லையே என்று எவரும் அஞ்சவேண்டுவதில்லை. எல்லா மாணவரும் பல்கலைக் கழகத்திலேயே இதனை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றனர். ஆயின், அவ்வாசலுக்கு இட்டுச் செல்லும் படிகள் உள. அவை இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய பௌதிக விஞ்ஞானப் பாடங்கள். அல்லது உயிரியலை முதலாகக் கொண்ட உயிரியல் விஞ்ஞானப் பாடங்கள்.

மூன்று பாடங்களிலும் ஒரே தடவையிற் சித்தியடைவதோடு, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியேனும் பெறுதல் வேண்டும். இது விண்ணப்பிப்பதற்கான தகுதி மாத்திரமே. இடம் கிடைப்பது இசட் புள்ளியைப் பொறுத்தது. விஞ்ஞானக் கற்கைகளுக்கான இடங்களில் ஏறத்தாழ 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் இக்கடைசி வகையைச் சேர்ந்தவை. கண்டி மாவட்டம் அதிற் சேராது. பல்கலைக் கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூல் தமிழிலும் கிடைக்கின்றது. விண்ணப்பத்திற் கையொப்பமிடுமுன் பெற்றோரும் பிள்ளையும் அதனை ஒருங்கிருந்து வாசித்தல் நன்று.

பீடத்தினுட் புகுந்த மாணவர், வேறு விஞ்ஞானப் பாடங்களோடு புவிச்சரிதவியலையும் ஒரு பாடமாகத் தெரிந்தெடுத்துக் கொள்வர். மூன்றாண்டிற் பொதுப் பட்டத்துடன் வெளியேறலாம். முதலாண்டுகளிற் சிறந்த பெறுபேறு பெற்றவர்கள் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தை நாடலாம். நல்ல உத்தியோகமும் மேற்படிப்பும் வேண்டுவோர்க்குச் சிறப்புப் பட்டமே உறுதுணையாகும். போதனை ஆங்கிலத்தில் நடைபெறுவதால், உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக் கழகப் பிரவேசத்துக்கும் இடைப்பட்ட மாதங்களை ஆங்கிலத்திற் பயிலச் செலவிடுதல் புத்திசாலித்தனம்.

கல்லில் எழுதிய கதை

கனிப்பொருள்களை இனங்காணல், பாறைகளின் பிறப்பு, அவை மடிந்தும் பிளந்தும் கிடக்கும் அமைப்பு, நிலத்தடி நீர், பூமியதிர்ச்சி ஆகியவை இக்கல்வியின் பகுதிகள். ஆய்வுகூடத்திலே கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கருங்கல்லும் ஒளி ஊடுருவும் வண்ணக் கோலமாகத் தோன்றும். சுத்தியலும் திசையறி கருவியும் ஏந்தி மலையேறி, பாறையின் சாய்வை அளந்து படம் வரைவது வெளிக்களப் பயிற்சி. பெண் பிள்ளைகளுக்கு இது ஒவ்வாதென்று கருதுவோர் உளர். கொழுந்துக் கூடை சுமந்து நாள்தோறும் செங்குத்தான மலைகளில் ஏறி இறங்கும் பெண்களைக் கண்டிருக்கும் நாம், அக்கூற்றைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

கண்டிச் சுற்றுப்புறமே இதற்கேற்ற பாடப் புத்தகம். இங்குள்ள பாறைகள் மிகப் பழையவை. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி மேலெழுந்தவை. திகனைப் பக்கத்தில் வெட்டியெடுக்கப்படும் வெண்ணிறச் சலவைக்கல், கடலடியிற் படிந்த சுண்ணாம்பு உருமாறிப் பிறந்தது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டும் அதே வட்டாரத்திலேயே எழுந்து நிற்கின்றது. 2020 ஆகஸ்ட் முதல் சில மாதங்கள் அங்கே சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டபோது, மக்கள் முதலில் கேட்டது, “நிலத்தின் கீழே என்ன நடக்கின்றது?” என்பதே. அதற்கு விடை தேடுவது இத்துறையினரின் கடமையாயிற்று.

உயிரைக் காக்கும் அறிவு

மலைச்சரிவில் உறுதியான பாறையின்மேல் உக்கிய மண் தடித்த போர்வைபோற் கிடக்கின்றது. நெடுமழையில் நீர் உள்ளிறங்கும்போது மண்ணின் பாரம் மிகுகின்றது. மண்மணிகளின் பிடிப்புத் தளர்கின்றது. பாறைப் படைகளும் சரிவின் திசையிலேயே சாய்ந்திருப்பின் ஆபத்து இரட்டிக்கும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்துபோன மரங்கள், திடீரெனக் கலங்கிப் பாயும் ஊற்று ஆகியவை மலை விடுக்கும் எச்சரிக்கைகள்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மனிதரோடு மண்ணில் மூழ்கின. அவ்விடம் ஆபத்தானதென்று நிபுணர் சில ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை, கண்டி மாவட்டம் உள்ளிட்ட மலைநாட்டின் பல ஊர்களில் மீண்டும் மண்சரிவையும் மரணத்தையும் கொணர்ந்தது. காகிதத்தில் எழுதி அனுப்பப்படும் எச்சரிக்கை மாத்திரம் போதாது. “இந்தச் சரிவில் வெடிப்புக் கண்டுவிட்டது, இன்றிரவு இங்கே உறங்க வேண்டாம்” என்று அம்மக்களின் மொழியிலேயே எடுத்துரைக்கவும், மாற்று நிலம் வேண்டுமென்று அதிகாரிகளிடம் அளவுகளைக் காட்டி வாதாடவும், லயத்திற் பிறந்து வளர்ந்த பட்டதாரிகள் வேண்டும்.

இங்கேதான் குறை நிற்கின்றது. மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. கணிதம், பௌதிகவியல் ஆசிரியர்களுக்கோ பெரும் பஞ்சம். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், கிட்டிய பாடசாலையில் உள்ளது கலைப்பிரிவே என்பதற்காக மாத்திரம் பிள்ளை அதிற் சேர்க்கப்படுகின்றது. பட்டப் படிப்பின் வாசல் அந்த ஒரு வாரத்திலேயே சாத்தப்பட்டுவிடுகின்றது. கலைப்பிரிவினர் புவியியல் வாயிலாக நிலத்தோற்றங்களைக் கற்க வழியுண்டு. அதுவும் பயனுள்ள கல்வியே. ஆயினும், பாறையையும் மண்ணையும் ஆய்வுகூடத்தில் அளந்தறியும் பட்டத்துக்கு விஞ்ஞானப் பாடங்கள் இன்றியமையாதவை.

உத்தியோகத்தைப் பற்றியும் பெற்றோர் கவலை கொள்வது இயல்பு. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம், மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், நீர்வளச் சபை முதலியன இக்கல்வியைக் கையாளும் இடங்கள். போகலையின் காரீயம், புல்மோட்டையின் கனிய மணல், எப்பாவலையின் அப்பற்றைட்டு ஆகிய செல்வங்களும் இத்துறையினரை வேண்டி நிற்கின்றன. இடங்கள் எண்ணற்றவை அல்ல. திறமையுடையோர்க்கு வழி உண்டு.

ஆதலின், சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளை வீட்டிலிருப்பின், பெற்றோர் சற்றுச் சிரமத்தை ஏற்றேனும் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலையைத் தேடிச் சேர்க்க வேண்டுகின்றோம். பாடசாலை அதிபர்கள் உயர்தர மாணவரை ஒருநாள் பேராதனைக்கு அழைத்துச் சென்று இத்துறையைக் காட்டுவாராயின் பெரும் பயன் விளையும். கண்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரமே செல்லும்.