நீர்க்காகம் மீன் திருடனா?

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலை நேரத்தில் நடந்து செல்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைக் கிளையில் கரிய பறவை ஒன்று இரு சிறகுகளையும் அகல விரித்து, அசையாமல் உட்கார்ந்திருக்கும். மழையில் நனைந்த குடையை விரித்துக் காய வைத்தாற்போல் இருக்கும் அந்தக் காட்சி. அதுதான் நீர்க்காகம். கன்னடத்திலும் அதற்கு 'நீருகாகெ' என்றே பெயர். பெயரில்தான் காகம், காக்கைக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை.

சிறகை எதற்காகக் காய வைக்க வேண்டும்? வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ வெளி ஓரங்களில் நனைந்துவிடும். உடலை ஒட்டிய பகுதி மட்டும் நனைவதில்லை. இதைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. இறகுக்குள் காற்று நிறைந்திருந்தால் பறவை மிதக்கும், முழுக முடியாது. நனைந்த இறகுதான் அதை நீருக்குள் இறங்க விடுகிறது. நான்கு விரல்களையும் இணைக்கும் சவ்வுள்ள கால்களால் உதைத்துக்கொண்டு, நீருக்கடியிலேயே மீனைத் துரத்துகிறது. நுனி வளைந்த அலகால் கவ்விக்கொண்டு மேலே வந்து, மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்குகிறது. வால் பக்கமாக விழுங்கினால் செதிலும் முள்ளும் தொண்டையைக் கிழித்துவிடுமல்லவா!

நம் ஏரிகளில் மூன்று வகை உண்டு. காக்கையைவிடச் சற்றே பெரிதான சின்ன நீர்க்காகம், அதைவிடப் பெரிய கொண்டை நீர்க்காகம், ஏறக்குறைய வாத்தளவு இருக்கும் பெரிய நீர்க்காகம். ஊருக்குள் அதிகம் கண்ணில் படுவது சின்னதுதான்.

மீன்காரரின் புகார்

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவரைக் கேட்டால் இந்தப் பறவையைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றுகூட வராது. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. பெரிய நீர்க்காகம் ஒன்று நாளொன்றுக்குச் சுமார் அரைக் கிலோ மீன் தின்னும். நூறு பறவைகள் இறங்கினால் ஐம்பது கிலோ! கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி, சிறிய குளத்தில் நெருக்கமாக விட்டு வளர்ப்பவருக்கு இது தாங்க முடியாத நஷ்டம். விரல் நீளக் குஞ்சு நிறைந்த குளம் நீர்க்காகத்துக்கு விரித்து வைத்த இலை. பறவைகள் கூட்டமாக வரிசை கட்டி, மீனை ஒரு மூலைக்கு விரட்டிச் சென்று வேட்டையாடுவதும் உண்டு.

ஆனால் வளர்ப்புக் குளத்துக் கணக்கை அப்படியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போடுவதுதான் தவறு. ஏரியில் நீர்க்காகத்துக்கு அகப்படுவது பெரும்பாலும் எண்ணிக்கையில் மலிந்து கிடக்கும் சிறு மீன்கள். அத்துடன் தவளை, தலைப்பிரட்டை. பெரிய மீன் அதன் தொண்டைக்குள் நுழையாது. மீன் குறைந்தால் பறவை பட்டினி கிடப்பதில்லை. வேறு நீர்நிலை தேடிப் பறந்துவிடுகிறது. அதனால் ஓர் ஏரியில் நீர்க்காகம் நிறைந்திருக்கிறதென்றால், அங்கே இன்னும் மீன் இருக்கிறது என்றுதான் பொருள்.

அல்சூர்வாசிகளுக்கு 2016 மார்ச் மாதம் மறந்திருக்காது. ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஏரியில் மிதந்தன. கரையோரம் நிற்க முடியாத நாற்றம். அந்த மீன்களைக் கொன்றது எந்தப் பறவையும் அல்ல. கழிவுநீர் கலந்து, தண்ணீரில் பிராணவாயு குறைந்து, மூச்சுவிட முடியாமல் அவை மடிந்தன. ஒரு நீர்க்காகக் கூட்டம் மாதக்கணக்கில் தின்றிருக்கக்கூடியது ஒரே மூச்சில் போயிற்று!

எச்சம் தரும் உரம்

நீர்க்காகம் எடுப்பதை மட்டும் எண்ணுகிறோம்; திருப்பித் தருவதை எண்ணுவதில்லை. மீனைத் தின்ற பறவையின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. அது தண்ணீரில் விழுந்தால் பாசியும் நுண்ணுயிர்களும் வளரும். அவற்றைத் தின்று மீன்குஞ்சு வளரும். இதை நம் விவசாயிகள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் கொக்கு, நாரையுடன் நீர்க்காகமும் கூடு கட்டுகிறது. எச்சம் கலந்த அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது கிராமத்தாரின் அனுபவம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டு, 1798-ல் செங்கற்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவே வாங்கிவிட்டார்கள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் கடல் தீவுகளில் மலைபோல் குவிந்த நீர்க்காக எச்சம், 19-ம் நூற்றாண்டில் உரமாகக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது.

அளவு மீறினால் அமிர்தமும் நஞ்சு. ஒரே மரத்தில் வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கான பறவைகள் தங்கினால், எச்சத்தின் காரத்தால் இலை கருகி மரமே பட்டுப்போகும். ஏற்கெனவே சாக்கடைச் சத்து மிஞ்சிய சிறு ஏரியில் எச்சமும் சேர்ந்தால் பாசி படர்வது கூடும். ஆனால் அங்கும் முதல் குற்றவாளி சாக்கடைதான்.

மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டுக்கும் போய் வரலாம். காவிரியின் குறுக்கே 17-ம் நூற்றாண்டில் கட்டிய அணையால் உண்டான திட்டுகள் அவை. பறவை அறிஞர் சாலிம் அலியின் யோசனையை ஏற்று மைசூர் சமஸ்தானம் 1940-ல் அதைச் சரணாலயமாக்கியது. மூன்று வகை நீர்க்காகங்களும் அங்கே உண்டு. முதலைகளும் அதே ஆற்றில் மீன் தின்கின்றன. இத்தனை வாய்களுக்கும் காவிரி இன்னும் படியளந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் மீன் வளர்ப்பவர் என்ன செய்வது? சுடுவது உதவாது. நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். ஐரோப்பாவில் சுட்டுப் பார்த்தவர்களும் கண்டது, காலியான இடத்துக்கு வேறிடத்துப் பறவைகள் வந்து சேர்ந்ததைத்தான். குஞ்சு விடும் சிறு குளத்தின் மேல் வலை கட்டலாம். நைலான் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினால் பறவை இறங்கத் தயங்கும். பெரிய குளமானால், குஞ்சுகளைச் சிறு தொட்டியில் நன்றாக வளர்த்த பிறகே குளத்தில் விடுவது நல்லது. செலவு கொஞ்சம் கூடும்; ஆனால் நீர்க்காகத்தின் தொண்டைக்குள் அடங்காத மீன் அதனிடமிருந்து தப்பிவிடும்.