கோடையில் டயரின் காற்றைக் குறைக்கலாமா?

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் காரில் நெடும்பயணம் புறப்படுவோரில் பலர், பெட்ரோல் நிலையத்தில் ஒரு வேண்டுகோளைத் தவறாமல் வைக்கின்றனர்: "வெயில் காலம், காற்றைச் சற்றுக் குறைத்தே பிடியுங்கள்." வெப்பத்தில் காற்று விரியும், ஆகவே டயர் வெடித்துவிடும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். இதில் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பிக் காற்றைக் குறைப்பதே ஆபத்தை அழைத்து வருகிறது.

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடங்கும் இடம் சுடுவதை நாம் அறிவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் இது நிமிடத்திற்கு 800 முறைக்கும் மேலாக நிகழ்கிறது. இவ்வாறு பிறக்கும் வெப்பம் ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு இழைகளுக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் இந்த மடக்கம் இன்னும் கூடுதல். எனவே சுமை ஏறும்போது காற்றைக் கூட்ட வேண்டுமேயன்றிக் குறைத்தல் ஆகாது.

எவ்வளவு கூட்டுவது? பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். குறைந்த சுமைக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு மற்றோர் அளவும் அதில் தனித்தனியே தரப்பட்டிருப்பதுண்டு. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண் டயர் தாங்கும் உச்ச அளவு. அது காருக்குரிய பரிந்துரை அன்று.

அளக்க உகந்த நேரம் காலை. வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. உயரும்; ஓடிய டயரில் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவதும் இயல்பே. அட்டவணை அளவு இந்த உயர்வைக் கருதியே வகுக்கப்பட்டது. பாதி வழியில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிட வேண்டாம்.

பின்னால் ஒரு வண்டியை இழுத்துச் செல்வோருக்குக் கவனம் இருமடங்கு தேவை. அமெரிக்காவில் பரவலாக உள்ள கேரவன் இழுவை வண்டிகளில், இழுவையின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்புக் கொக்கியின் வழியே முன் வண்டியின் மீது இறங்கும். அதன் பின்சக்கரங்களே அதைச் சுமக்கின்றன. இழுவையின் டயரில் காற்று இறங்கினாலோ, ஸ்டீயரிங்கில் அது எளிதில் தெரிவதில்லை. நம் ஊர் டிராக்டர் டிரெய்லருக்கும் இது பொருந்தும். எஞ்சினுக்குத் தவணை தவறாமல் பராமரிப்புச் செய்யும் விவசாயிகள்கூட டிரெய்லர் டயரை அது பஞ்சராகும் வரை நினைப்பதில்லை.

வங்கியில் பணிபுரிபவன் என்ற முறையில் காப்பீடு பற்றியும் கூற வேண்டும். வழக்கமான மோட்டார் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமுற்றால் இழப்பீடு இல்லை. வாகனமும் உடன் சேதமடைந்தாலும் டயரின் மாற்று விலையில் 50 விழுக்காடே கிடைக்கும். கடனில் வாங்கிய வாகனமெனில், அது பழுதாகி நிற்கும் நாட்களிலும் தவணை நிற்பதில்லை.

பொறுப்பு அத்துடனும் முடிவதில்லை. 2010-இல் புனேயிலிருந்து மும்பை செல்லும் வழியில் ஒரு காரின் டயர் வெடித்து, அதில் பயணித்த ஒருவர் உயிரிழந்தார். அது கடவுள் செயல் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வாதத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2023-இல் ஏற்கவில்லை. டயர் வெடித்தது மனிதக் கவனக்குறைவே எனக் கூறி, சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.

நல்ல டயரிலும் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. தானாகவே குறையும். ஆகவே மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்திற்கு முன்பும் அளந்து பாருங்கள். அப்போது ஸ்டெப்னியையும் சேர்த்தே பார்ப்பது நலம். ஓராண்டாகக் காற்றுப் பிடிக்காத ஸ்டெப்னி அவசரத்தில் கைகொடுப்பதில்லை.