உவைஸ்

உவைஸ் என்பது அரபு மொழியில் தோன்றிய ஓர் ஆண்பாற் பெயர் ஆகும். முகம்மது, அகமது, அலி போன்ற பெயர்களோடு ஒப்பிடுகையில் இது அரிதாகவே இடப்படுகிறது. உவைசு, ஒவைஸ், உவைஸ் கர்னி, உவைசுல் கர்னி எனத் தமிழில் பலவாறாக எழுதப்படுகிறது.

சொற்பிறப்பு

உவைஸ் என்பது அவ்ஸ் என்ற பெயரின் குறுமை வடிவம் ஆகும். அரபு மொழியில் ஒரு சொல்லின் முதல் எழுத்தை உகரமாகவும் இரண்டாம் எழுத்தை ஐகாரமாகவும் ஒலித்தால் "சிறிய" அல்லது "அன்புக்குரிய" என்ற பொருள் கிடைக்கும். ஹசன் என்பதிலிருந்து ஹுசைன், அப்து என்பதிலிருந்து உபைது, உமர் என்பதிலிருந்து உமைர் ஆகியன இவ்வாறே உருவாயின. தமிழில் சின்னத்தம்பி, குட்டி என்று அழைப்பதில் உள்ள அதே உணர்வு இங்கு ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அவ்ஸ் என்ற சொல்லுக்கு அரபு அகராதிகள் இரு பொருள்கள் தருகின்றன. ஒன்று கொடை, மற்றொன்று ஓநாய். எனவே உவைஸ் என்பதற்குச் "சிறு கொடை" என்றும் "ஓநாய்க்குட்டி" என்றும் பொருள் கூறலாம். குழந்தைப் பெயர் நூல்கள் சில முதற்பொருளை மட்டும் கூறி இரண்டாவதை விட்டுவிடுவதுண்டு. ஆனால் இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அசத் (சிங்கம்), ஃபஹ்து (சிறுத்தை), கல்பு (நாய்) என விலங்குப் பெயர்களை மக்களுக்கும் குலங்களுக்கும் இடுவது பண்டைய அரபு வழக்கமாகும். மதீனாவின் இரு பெருங்குலங்களுள் ஒன்றின் பெயரும் அவ்ஸ் என்பதேயாகும், மற்றது கஸ்ரஜ்.

உவைஸ் அல்-கரனீ

இப்பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதற்குச் சொற்பொருள் காரணமன்று. யெமன் நாட்டைச் சேர்ந்த உவைஸ் அல்-கரனீ என்பவரே காரணம் ஆவார். இவர் முராத் குலத்தின் கிளையான கரன் குடியினர். நபிகள் நாயகத்தின் காலத்தில் வாழ்ந்தும் அவரை நேரில் காணவில்லை. தாயைப் பேணும் பொறுப்பே இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. இதனால் இவர் நபித்தோழராக (சஹாபி) அன்றி, அடுத்த தலைமுறையினராக (தாபிஈ) கருதப்படுகிறார். பெயர் விளக்கம் தருவோர் பலர் இவ்விடத்தில் தவறுவர்.

சஹீஹ் முஸ்லிம் தொகுப்பின்படி, கலீபா உமர் இவரைத் தேடிக் கண்டு தமக்காகப் பாவமன்னிப்பு வேண்டுமாறு கேட்டார். கூஃபா ஆளுநருக்குப் பரிந்துரைக் கடிதம் தர முன்வந்தபோது, எளிய மக்களிடையே இருப்பதையே விரும்புவதாகக் கூறி உவைஸ் மறுத்துவிட்டார். உகுதுப் போரில் நபியின் பல் உடைந்ததை அறிந்து இவர் தம் பற்களை உடைத்துக்கொண்டார் என்ற பரவலான கதை அத்தொகுப்பில் இல்லை. 657 இல் சிஃப்பீன் போரில் அலியின் தரப்பில் நின்று உயிரிழந்தார் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கூற்று. சிரியாவின் ரக்கா நகரில் இவர் பெயரால் அமைந்த அடக்கத்தலம் 2014 இல் தகர்க்கப்பட்டது.

"கர்னி" என்ற தமிழ் வழக்கு கவனிக்கத்தக்கது. தாயிஃப் அருகே கர்ன் என்றோர் இடம் உண்டு. அகராதி ஆசிரியர் ஜவ்ஹரீயே இவரை அவ்வூரோடு தொடர்புபடுத்தினார். பிற அறிஞர்கள் அதனைத் திருத்தினர். கரனீ என்பதே சரியான ஒலிப்பு.

பரவல்

நேரில் காணாத ஒருவரிடமிருந்து ஆன்மிக வழிகாட்டல் பெறுவோரைச் சூஃபிகள் "உவைசி" என்பர். துருக்கியில் இப்பெயர் வேடிக்கையான மாற்றம் அடைந்தது. "வெய்ஸ் எல்-கரானி" என்பதில் உள்ள "எல்" என்ற சுட்டு முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வெய்செல் என்ற புதுப்பெயர் பிறந்தது. நாட்டுப்புறக் கவிஞர் ஆஷிக் வெய்செல் (1894–1973) இவ்வடிவத்தால் அறியப்பட்டவர்.

பாக்தாதையும் தப்ரீசையும் ஆண்ட ஜலாயிர் மரபு மன்னர் ஷேக் உவைஸ் (ஆட்சி 1356–1374), சோமாலியாவின் சூஃபி ஷேக் உவைஸ் அல்-பராவி (1847–1909) ஆகியோரும் இப்பெயருடையோர் ஆவர். தமிழுலகில் இப்பெயரை நன்கு அறியச் செய்தவர் இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் (1922–1996). மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்.