கழற்றிய கணினி யாருடையது?

மின்சார காரின் மோட்டாரும் பேட்டரியும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கலாம். டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் பெரிய திரையை இயக்கும் கணினிக்கு அந்த ஆயுள் கிடையாது. வரைபடம், பாட்டு, போன் அழைப்பு, ஏசி, பின்பக்க கேமரா என எல்லாவற்றையும் சுமக்கும் அந்தக் கணினி சில ஆண்டுகளிலேயே தடுமாறத் தொடங்குகிறது. தொட்டால் தாமதமாக விழிக்கிறது, புதிய ஆப் ஓடுவதில்லை, சில நேரம் திரையே கறுத்துவிடுகிறது. காரை மாற்றாமல் கணினியை மட்டும் மாற்றிக்கொள்வது நல்ல யோசனைதான். செலவும் குறைவு, குப்பையும் குறைவு. ஆனால் புதியதைப் பொருத்தும்போது கழற்றப்படும் பழைய கணினி எங்கே போகிறது என்று கேட்பவர்கள் சொற்பம். அது உரிமையாளரின் கைக்கு வரவேண்டும், அல்லது அவருக்குத் தெரிய அழிக்கப்பட வேண்டும். இதை உறுதிசெய்யும் பொறுப்பு கார் வாங்கியவரைவிடக் காரைச் செய்தவருக்கே அதிகம் என்பது என் வாதம்.

டெஸ்லா கார்களில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 2018-ன் தொடக்கம் வரை வெளிவந்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் திரைக்குப் பின்னால் என்விடியாவின் டெக்ரா 3 சிப்பில் ஓடும் கணினி இருந்தது. அது எல்லாவற்றையும் சேமித்துவைத்த இடம் 8 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு ஃபிளாஷ் மெமரி சிப். ஃபிளாஷ் மெமரியைப் படிப்பதால் அவ்வளவாகத் தேய்மானம் இல்லை. அழித்து எழுதுவதற்குத்தான் கணக்கு உண்டு. இந்தச் சிப்புக்கு அந்தக் கணக்கு சுமார் 3,000 முறை. கணினியோ தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் குறிப்பாக எழுதிக்கொண்டே இருந்தது. அதனால் ஐந்தாறு ஆண்டுகளில் சிப் தேய்ந்து, பின்பக்கக் கேமராவின் காட்சி வராமல் போனது, கண்ணாடியில் படியும் பனிப்புகையை நீக்கும் வசதியை இயக்க முடியாமல் போனது. சுமார் 1,58,000 கார்களைத் திரும்ப அழைக்கும்படி அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 ஜனவரியில் டெஸ்லாவைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே 1,34,951 கார்களைத் திரும்ப அழைக்க நிறுவனம் இணங்கியது. இதற்கு முன்பே, 2020 மார்ச்சில், பழைய கார்க்காரர்கள் 2,500 டாலர் கட்டி இன்டெல் சிப் கொண்ட வேகமான கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்று டெஸ்லா அறிவித்திருந்தது. பழுது நீக்கவும் வேகம் கூட்டவும் என இரண்டு வழியிலும் பழைய மெமரி சிப்புகள் கார்களிலிருந்து வெளியே வரத் தொடங்கின.

டெஸ்லா கார்களிலிருந்து கழற்றப்பட்ட சில கணினிகள் இபேயில் விற்பனைக்கு வந்தன. கிரீன் என்ற புனைபெயரில் இயங்கும் ஆய்வாளர் ஒருவர் அவற்றில் நான்கை வாங்கித் திறந்து பார்த்தார். 2020 மே மாதம் இன்சைட்இவிஸ் தளம் அதைச் செய்தியாக்கியது. முந்தைய உரிமையாளரின் வீடு எங்கே, அலுவலகம் எங்கே, போனில் யார் யார் பெயர்கள், யாருடன் பேசினார், நாட்காட்டியில் என்ன குறித்திருந்தார் என்பதெல்லாம் அப்படியே இருந்தன. வீட்டு வைஃபை கடவுச்சொல் மறையாக்கம் ஏதுமின்றி, பார்த்தவுடன் படிக்கும்படி இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளின் குக்கீகளும் கிடைத்தன. கழற்றிய கணினியின் இணைப்பிகளைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுக் குப்பையில் போடும்படி பணியாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததாகவும் அவர் தெரிவித்தார். இணைப்பியை நசுக்கினால் கணினியை வேறு காரில் மாட்ட முடியாது, அவ்வளவுதான். பலகையில் ஒட்டியிருக்கும் மெமரி சிப்பைச் சூடேற்றிக் கழற்றி வேறொரு ரீடரில் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வாசிக்கக் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு மாடல் 3 காரைப் பற்றி சிஎன்பிசி செய்தி வெளியிட்டிருந்தது. ஒரு கட்டுமான நிறுவனம் வைத்திருந்த அந்தக் காரில் குறைந்தது 17 கருவிகளின் தகவல்கள் இருந்தன, விபத்தின் வீடியோவும் இருந்தது. அந்தக் கருவிகளின் சொந்தக்காரர்களில் பலர், யோசித்துப் பார்த்தால், பாட்டுக் கேட்கவோ பேசவோ ஒருமுறை இணைத்துவிட்டு இறங்கிப் போனவர்களாகவே இருந்திருப்பார்கள்.

என் போன் நம்பரும் நான் போகும் கோயிலும் யாருக்குத் தேவை என்று சிலர் கேட்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் ரகசியம் அதிகம் இல்லைதான். சேர்ந்து இருப்பதுதான் ஆபத்து. வீட்டு முகவரி, அந்த வீட்டின் வைஃபை கடவுச்சொல், தினமும் எத்தனை மணிக்கு வண்டி வெளியே போகிறது, அடுத்த வாரம் ஊரில் இருக்கமாட்டார் என்று சொல்லும் நாட்காட்டிக் குறிப்பு, இவை ஒரே சிப்பில் இருக்கின்றன. குக்கீயையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து உள்ளே போன பிறகு, இவரை மறுபடி கேட்காதே என்று அந்தச் சேவை தரும் அனுமதிச் சீட்டுதான் குக்கீ. அதை எடுத்து வேறு கணினியில் வைத்தால் கடவுச்சொல் தெரியாமலே கணக்குக்குள் நுழைய வாய்ப்பு உண்டு. இது எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, போன் புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் கார்க்காரருடையவை அல்ல என்பது. மருத்துவர், மகளின் ஆசிரியர், விவாகரத்து வழக்கைப் பார்க்கும் வக்கீல் ஆகியோரின் எண்கள் அந்தச் சிப்பில் இருக்கின்றன. அவர்கள் எந்தக் காரிலும் தம் எண்ணைப் பதிய ஒப்புக்கொண்டதில்லை. எனக்குக் கவலையில்லை என்று அவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. திரையின் அமைப்புகளில் ஃபேக்டரி ரீசெட் வசதி இருக்கிறது, காரை விடும் முன் அதை அழுத்துவது உரிமையாளரின் கடமையல்லவா என்பது அது. நன்றாக ஓடும் கணினியை வேகத்துக்காக மாற்றுபவருக்கு இது சரியான அறிவுரை, அவர் அழுத்தத்தான் வேண்டும். ஆனால் கணினி பழுதாகி மாற்றப்படும்போது திரை கறுத்திருக்கிறது. அழுத்த வேண்டிய பொத்தானே அந்தத் திரையில்தான் இருக்கிறது. ஃபிளாஷ் மெமரி தேய்ந்து போகும் விதமும் இதற்கு உதவுவதில்லை. ஆயுள் முடியும் சிப் பெரும்பாலும் முதலில் எழுதும் திறனை இழக்கிறது, படிக்கும் திறன் அப்போதும் இருக்கிறது. அழிப்பது என்பதும் ஒருவகை எழுத்துதான். ஆகவே உரிமையாளரால் அழிக்க முடியாத, தெரிந்த கைக்குப் படிக்கக் கிடைக்கிற நிலையில் அந்தச் சிப் காரை விட்டுப் போகக்கூடும். நல்ல நிலையில் இருக்கும் சிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் இருக்க, சிப் புதிய எழுத்தை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் பழையதை அங்கேயே விட்டுவைப்பது வழக்கம். ரீசெட் எவ்வளவு ஆழமாக அழிக்கிறது என்பது செய்தவருக்குத்தான் தெரியும், அழுத்துபவருக்குத் தெரியாது. பயன்படுத்துபவரின் கவனத்தை நம்பியிருக்கும் எந்த ஏற்பாடும் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

போனுக்கு இதைவிட அதிகம் தெரியுமே என்பார்கள். தெரியும். ஆனால் இன்றைய போன்கள் தம்முள் இருப்பதை மறையாக்கம் செய்தே வைக்கின்றன, நாமும் போனைப் பூட்டியே ரிப்பேருக்குக் கொடுக்க முடியும்.

பழைய பாகத்தைத் திரும்பப் பெறுவதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் நியாயமற்றது அல்ல. கழற்றிய கணினியைச் செப்பனிட்டு இன்னொரு காருக்குப் பயன்படுத்தலாம், அதனால் புதியதன் விலையும் குறைகிறது. கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் கழற்றிய பாகத்தைப் பணிமனை அவரிடமே தரவேண்டும் என்கிறது அது. வாரன்டியின் கீழ் உற்பத்தியாளருக்குத் திரும்பிப் போக வேண்டியவை போன்ற சிலவற்றுக்கு விலக்கு. மாற்றாத பாகத்தை மாற்றியதாகப் பில் போடுவதைத் தடுக்கப் பிறந்த விதி அது. நம் ஊரிலும் விவரம் தெரிந்தவர்கள் பழைய பார்ட்டைக் காட்டுங்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்பது இதே காரணத்துக்காகத்தான். பிரேக் ஷூவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் அந்த விலக்கு பொருந்தும். அவற்றுக்கு நினைவு கிடையாது. காரின் கணினிக்கு அதே விலக்கைக் கொடுத்தால், இரும்போடு சேர்ந்து ஒருவருடைய வாழ்க்கையின் பதிவும் கைமாறுகிறது. பாகம் நிறுவனத்துக்கே போகட்டும், மெமரி சிப்பில் இருப்பது போகக் கூடாது. செப்பனிடுபவர்களுக்குத் தேவை பலகைதான், யாரோ ஒருவரின் போன் புத்தகம் இல்லை.

தீர்வு தெரியாத ஒன்றல்ல. தனிப்பட்ட தகவலை மட்டும் தனிப் பகுதியில் மறையாக்கம் செய்து, திறவுகோலை மெமரி சிப்பில் வைக்காமல் வேறொரு பாதுகாப்புச் சிப்பில் வைக்க வேண்டும். திறவுகோலை அழித்துவிட்டால் தகவல் இருந்த இடத்திலேயே படிக்க முடியாததாகிவிடும். எழுத முடியாத தேய்ந்த சிப்புக்கும் இது பொருந்துகிறது என்பதுதான் இதன் சிறப்பு. இதற்கு வரும் எதிர்ப்பு, வெளியே தனியாகப் பழுது பார்ப்பவர்களிடமிருந்து. டெஸ்லாவின் பழைய கணினிகளுக்கு அவர்கள்தான் குறைந்த செலவில் உயிர் கொடுத்தார்கள். தேய்ந்த சிப்பைக் கழற்றி, உள்ளிருப்பதைப் பெரிய சிப்புக்கு நகலெடுத்து மறுபடி ஒட்டினார்கள். எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் நிறுவனத்தின் பணிமனையைத் தவிர வேறு கதி இல்லாமல் போகும் என்ற அவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் எதைப் பூட்டுவது என்பது முக்கியம். காரை ஓட்டத் தேவையான மென்பொருளையும் அந்தக் காருக்கான அமைப்புகளையும் நகலெடுக்கும்படி விட்டுவிட்டு, போன் புத்தகம், இட வரலாறு, கணக்கு விவரம் ஆகியவற்றை மட்டும் பூட்டினால் போதும். இவை போனாலும் கார் ஓடும், போனை மறுபடி இணைத்தால் எண்களும் வந்துவிடும். தனியுரிமையின் பெயரால் ரிப்பேர் கடைகளுக்குக் கதவடைக்க எந்த நிறுவனமாவது முயன்றால் அதை ஏற்கக் கூடாது.

இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதைப் பற்றிய பேச்செல்லாம் சர்வரில் இருக்கும் தகவலையே சுற்றி வருகிறது. பணிமனையின் மூலையில் கிடக்கும் பலகை யாருடைய பொறுப்பு என்பது இன்னும் தெளிவாகப் பேசப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் மின்சார க்ரெட்டாவைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. இந்த வண்டிகள் பழகிச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே இது பேசப்பட வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. திரை வேலை செய்யும்போதே ரீசெட் செய்துவிட்டுக் காரைப் பணிமனையில் விடுங்கள். திரை செத்துவிட்டால் வேலையை எதிர்முனையிலிருந்து தொடங்குங்கள். பாட்டு, படம், மின்னஞ்சல் கணக்குகளில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள், அந்தக் கடவுச்சொற்களையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். போனிலுள்ள கார் ஆப்பில் பழைய இணைப்புகள் இருந்தால் நீக்குங்கள். பிறகு சர்வீஸ் அட்வைசரிடம், கழற்றிய கணினியைத் திருப்பித் தரவேண்டும், தர முடியாவிட்டால் அதன் மெமரி அழிக்கப்பட்டது என்று எழுதித் தரவேண்டும் என ஜாப் கார்டிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், மறுத்ததையும் அதே கார்டில் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.