வாயிற்பாட்டும் விடைபெறு பாட்டும்

வீட்டுக்கு வாயில் இன்றியமையாதது. வருவோரை வரவேற்பதும் செல்வோரை வழியனுப்புவதும் அங்குதான். கதைக்கும் அவ்வாறே ஒரு வாயில் வேண்டும். ஓடி வந்த சிறுவனைச் சற்றே நிறுத்தி, 'அமர்ந்து கேள்' என்று சொல்ல ஒன்று வேண்டும். கதையில் தோய்ந்த உள்ளத்தை மெல்ல எழுப்பி, 'இனி உன் வேலையைப் பார்' என்று அனுப்பவும் ஒன்று வேண்டும்.

நம் இல்லங்களில் சிறுவரும் இளைஞரும் இன்று விரும்பிக் காணும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களில் இவ்விரு பணிகளையும் இரு பாடல்கள் செய்கின்றன. இத்தொடர்களை 'அனிமே' என்பர். தொடக்கத்தில் ஒரு பாடல், முடிவில் ஒரு பாடல். ஒவ்வொன்றும் வழக்கமாக ஒன்றரை நிமிடம். விளம்பரங்கள் நீங்கலாக ஏறத்தாழ 24 நிமிடம் ஓடும் நிகழ்ச்சியில் 3 நிமிடம், அதாவது எட்டில் ஒரு பங்கு, பாட்டுக்கே உரியது. இது வீண் நேரமா? பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

கவிஞர் எழுதிய சிறுவர் பாடல்

1963ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஒசாமு தெசூகா படைத்த 'அஸ்ட்ரோ பாய்' தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. இயந்திரச் சிறுவன் ஒருவனின் கதை அது. முதலில் அதன் தொடக்கத்தில் இசை மட்டுமே ஒலித்தது. சொற்கள் பின்னரே சேர்க்கப்பட்டன. அவற்றை எழுதியவர் ஷுன்டாரோ தனிகாவா. 2024இல் மறைந்த இவர், தற்கால ஜப்பானின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவர். 'சிறுவர் பாட்டுத்தானே' என்று அவர் ஒதுக்கவில்லை. எவரும் பாடக்கூடிய எளிய சொற்களால் அதை அமைத்தார். கதைப்படி அச்சிறுவன் 'பிறந்த' ஆண்டு 2003. பிறந்த இடம் டோக்கியோவின் தகடனோபாபா. அந்த ஆண்டு வந்தபோது, அவ்வூர் இரயில் நிலையத்தில் வண்டி புறப்படும் அறிவிப்பிசையாக இப்பாடலின் மெட்டையே அமைத்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மெட்டு மக்கள் செவியில் நின்றது.

இதில் சிக்கனமும் உண்டு. வாரந்தோறும் எண்ணற்ற படங்களைக் கையால் வரைய வேண்டிய கலைஞர்க்கு, ஒருமுறை வரைந்ததைப் பல வாரம் காட்ட இடந்தரும் இப்பாடல் பெரும் உதவியாயிற்று. சிக்கனத்துக்கு உதவியது சிறுவர்க்கும் நன்மையாயிற்று. வாரந்தோறும் கேட்ட பாட்டு மனத்தில் பதிந்தது; மனத்தில் பதிந்தது வாயில் வந்தது.

பசித்தோர்க்கு உணவாகும் வீரன்

வாயிற்பாட்டு எவ்வளவு ஆழமாகச் செல்லக்கூடும் என்பதற்கு 1988 அக்டோபரில் தொடங்கிய 'அன்பான்மான்' தொடர் சான்றாகும். 'அன்பான்' என்பது இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்த ஜப்பானிய ரொட்டி. தமிழில் எழுதினால் 'அன்பு' என்னும் சொல் அதில் தோன்றுவது தற்செயலே, ஆயினும் பொருத்தமானதே. இக்கதையின் வீரனுக்கு முகமே அந்த ரொட்டிதான். பசியால் வாடுவோரைக் கண்டால் தன் முகத்தைப் பிட்டு உண்ணக் கொடுப்பான். கொடுக்கக் கொடுக்க அவன் வலிமை குன்றும்.

இவ்வீரனைப் படைத்த தகாஷி யானசே 1919இல் பிறந்தவர். போரில் படைவீரராகச் சீனத்துக்குச் சென்று பசியின் கொடுமையை அறிந்தவர். தம்பியைப் போரில் இழந்தவர். 'நீதி' என்று ஒரு நாடு முழங்கியது, போர் முடிந்ததும் தலைகீழாய் மாறியதை அவர் கண்டார். எந்நாளும் மாறாத நீதி, பசித்தவனுக்கு உணவு கொடுப்பதே என்ற முடிவுக்கு வந்தார். தொடரின் தொடக்கப் பாடலைத் தம் 69ஆம் வயதில் அவரே எழுதினார். தகாஷி மிகி துள்ளலான அணிநடை மெட்டு அமைத்தார். ஆனால் அப்பாடல் மழலையரிடம் கேட்கும் வினாவோ பெரியோரையும் நிறுத்தி வைப்பது: எதற்காகப் பிறந்தோம், எதில் மகிழ்வோம் என்பதே அவ்வினா.

2011 மார்ச் 11 அன்று வட கிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. அந்நாட்களில் இப்பாடலை ஒலிபரப்புமாறு வானொலி நிலையத்துக்கு வேண்டுகோள்கள் வந்தன. வீடிழந்து நின்றோர் நடுவே சிறுவர் அதைப் பாட, பெரியோரும் ஆறுதல் அடைந்தனர். வாரந்தோறும் ஒன்றரை நிமிடம் கேட்ட பாட்டு, துயர் வந்தபோது கைகொடுத்தது! 2013இல் யானசே தம் 94ஆம் வயதில் காலமானார், பாட்டு வாழ்கிறது.

விடைபெறும் கலை

தொடக்கத்தை விட முடிவை நன்கு அமைப்பது கடினம். 1969 அக்டோபர் 5 முதல் ஞாயிறு மாலைதோறும் ஒளிபரப்பாகி வரும் 'சசாயே-சான்' ஒரு கூட்டுக் குடும்பத்தின் அன்றாடக் கதை. மிக நெடுங்காலம் ஒளிபரப்பாகும் சித்திரத் தொலைக்காட்சித் தொடர் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. கியோஹெய் சுட்சுமி இசையமைத்த அதன் நிறைவுப் பாடல் ஒலிக்கையில் குடும்பத்தார் வரிசையாகச் சென்று ஒரு சிறு வீட்டினுள் நுழைவர். பாட்டு மகிழ்ச்சியானதே. எனினும் அது கேட்டதும் விடுமுறை முடிந்தது, நாளை பள்ளி, நாளை அலுவல் என்ற ஏக்கம் பலரைப் பற்றுகிறது. அந்த ஏக்கத்துக்கே 'சசாயே-சான் நோய்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். ஞாயிறு முடிந்ததை ஒரு நாடு முழுவதும் ஒரே பாட்டால் உணர்கிறது!

1987இல் வந்த 'சிட்டி ஹண்டர்' என்ற துப்பறியும் தொடரில் வேறொரு நயம். கடைசிக் காட்சி முடியுமுன்பே நிறைவுப் பாடல் மெல்லத் தொடங்கிவிடும். கதை எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கிற்று என்று பிரித்தறிய இயலாது.

இப்பாடல்களின்போது திரையில் பெயர்கள் ஓடுகின்றன. வரைந்தோர், வண்ணந் தீட்டியோர், குரல் கொடுத்தோர், ஒலி சேர்த்தோர் பெயர்கள் அவை. நம் பிள்ளைகள் நகைத்ததும் அழுததும் இவர்தம் உழைப்பால் அன்றோ!

வணிகமும் அவசரமும்

எல்லாப் பாடல்களும் இத்தகையன என்று நாம் சொல்லவில்லை. 1983இல் 'கேட்ஸ் ஐ' தொடரின் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இசைத்தட்டு நிறுவனங்கள் அத்தகைய வெற்றிகளைக் கண்டு இத்தொடர்களை விளம்பர மேடையாகவும் கருதலாயின. கதைக்குத் தொடர்பற்ற பாடல்கள் நுழைந்தன. ஆண்டு முழுதும் ஒரே பாடல் என்பது போய், பல தொடர்களில் ஏறத்தாழ 13 வாரங்களுக்கு ஒருமுறை பாடல் மாறுகிறது. ஆயினும் வணிகத்தின் நடுவிலும் நல்லவை பிறக்கின்றன. 2023இல் 'ஓஷி நோ கோ' தொடரின் தொடக்கப் பாடலான 'ஐடல்', அமெரிக்கா நீங்கலான பில்போர்டு உலகப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஜப்பானிய மொழிப் பாடல் ஒன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை.

வணிகத்தை விட நாம் அஞ்சுவது அவசரத்தை. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தொடக்கத்தைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அமைத்தது. முடிவிலோ, பாட்டு எழுமுன்பே அடுத்த பகுதி தானே தொடங்கிவிடுகிறது. வாயிலும் இல்லை, வழியனுப்புதலும் இல்லை. கதைமேல் கதையாய் விழுங்கும் பிள்ளை, எதையும் அசைபோடுவதில்லை. உண்ட இலையை எடுக்குமுன் அடுத்த இலையைப் போடும் விருந்து இது. 'போதும்' என்று சொல்ல அப்பிள்ளை எங்கே கற்பான்?

பெற்றோரே, பிள்ளைகளோடு நீங்களும் ஒருநாள் அமருங்கள். தொடர் தகுதியானதா என்று பாருங்கள். தகுதியானதெனில் தொடக்கப் பாடலைத் தாண்டாதிருக்கப் பழக்குங்கள். முடிவில் அந்த ஒன்றரை நிமிடம் பாட்டு ஓடட்டும், பெயர்கள் ஓடட்டும். பின்னர், 'இன்று யார் செய்தது சரி?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். திரையை அணைக்க அதைவிட ஏற்ற வேளை இல்லை. நன்றாக விடைபெறக் கற்ற பிள்ளை, கதையிலிருந்து வெறுங்கையோடு திரும்புவதில்லை.